பவர் பிரஸ்ஸுக்குத் தடுப்பு, பங்கு வர்த்தகத்துக்கு வெறும் அறிவுரையா?

இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம், 2024 அக்டோபரில் ரூ.27,870 கோடிக்குப் பங்கு வெளியிட்டது. இந்தியா அதுவரை கண்ட பங்கு வெளியீடுகளில் அதுவே மிகப் பெரியது. ஒரு பங்கு ரூ.1,960, ஊழியர்களுக்கு ரூ.186 தள்ளுபடி. அக்டோபர் 22 அன்று சந்தைக்கு வந்த முதல் நாளிலேயே பங்கின் விலை ஏறக்குறைய 7 சதவீதம் சரிந்தது. அடுத்த ஆண்டின் நடுவிலோ வெளியீட்டு விலையைத் தாண்டிவிட்டது. முதல் நாள் பதறிப்போய் விற்றவருக்கும், டீமேட் கணக்கைத் திறந்துகூடப் பார்க்காமல் இருந்தவருக்கும் காரைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ தெரிந்தது ஒன்றேதான். ஒருவர் விலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், மற்றவர் பார்க்கவில்லை. பங்குச் சந்தையில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசப்படும் பக்கம் பக்கமான உபதேசங்களைவிட இந்தச் சிறிய வேறுபாடு நமக்கு அதிகம் சொல்லித்தருகிறது.

பங்கை வாங்கிப் போட்டுவைப்பது சந்தையின் சாதுவான முகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டார இளைஞர்களின் கைபேசிக்குள் வேறொரு முகமும் இருக்கிறது. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் முன்பேர வர்த்தகம் அது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. மொத்த இழப்பு ரூ.1.8 லட்சம் கோடிக்கு மேல். செலவெல்லாம் போக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றில் ஒருவர். இழந்தவர்கள் யார் என்பதை அந்த ஆய்வு சொல்லும் இடத்தில்தான் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும். 2023-24இல் இந்த வர்த்தகம் செய்தவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். நான்கில் மூன்று பேர் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே என்று தெரிவித்தவர்கள். 72 சதவீதம் பேர் நாட்டின் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே இருப்பவர்கள். இளம் வயது, ஐந்து லட்சத்துக்குள் வருமானம், பெருநகரத்துக்கு வெளியே ஓர் அறை, கையில் ஸ்மார்ட்போன்: இந்த நான்கையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் காலை ஏழு மணிக்கு ஒரகடம் சந்திப்பில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும்போது பார்க்கலாம்.

இப்படி இழப்பவர்களுக்குச் சந்தை வைத்திருக்கும் மருந்து ஒன்றுதான்: ‘உணர்ச்சியைக் கட்டுப்படுத்து’. பேராசை, பயம் இரண்டையும் வென்றவனே வெல்வான் என்று யூடியூபில் வகுப்பெடுக்கிறார்கள். மூச்சுப் பயிற்சி, தியானம், வர்த்தக நாட்குறிப்பு, அண்மைக் காலமாக ‘டோபமைன் டீடாக்ஸ்’ என்று பட்டியல் நீள்கிறது. இதில் விற்பவருக்கு ஒரு வசதி உண்டு. பணம் போனால் குற்றம் முறையிலோ சந்தையிலோ இல்லை. உங்கள் மனத்தில்தான் இருக்கிறது. கற்றுக்கொடுத்தவர் மீது பழி வராது. இந்த அறிவுரை முழுப் பொய் இல்லை. ஆனால் தவறான இடத்தில் பாரத்தை வைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். மூளையின் வேதியியலை மன உறுதி கொண்டு அடக்க முடியாது. அது கிளர்ந்தெழும் சூழலைத்தான் மாற்றியமைக்க முடியும். இதை இந்தத் தொழில் வட்டாரத்துக்கு யாரும் புதிதாகக் கற்பிக்கவும் வேண்டியதில்லை.

முதலில் டோபமைன். இது இன்பத்தின் ரசாயனம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆய்வுகள் காட்டுவது சற்று வேறு. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 1990களில் குரங்குகளுக்குப் பழரசம் கொடுத்து மூளை நரம்பணுக்களை அளந்தார்கள். எதிர்பாராமல் பழரசம் கிடைத்தபோது டோபமைன் அணுக்கள் துடித்தன. வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பிறகு, பழரசம் வந்தபோது அவை அசையவில்லை. வரவேண்டியது வராமல் போனபோது அடங்கிப்போயின. ஆக, இந்த அணுக்கள் கணக்கிடுவது கிடைத்த பரிசை அன்று, எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியை. 2003இல் ஷுல்ட்ஸ் குழு இன்னொன்றையும் கண்டது. பரிசு வருமா வராதா என்பது சரிபாதி நிச்சயமின்மையில் இருக்கும்போது, பரிசு வரலாம் என்ற அடையாளம் தெரிந்த கணத்துக்கும் முடிவு தெரியும் கணத்துக்கும் இடையே இவ்வணுக்களின் இயக்கம் உச்சத்துக்கு ஏறுகிறது. ஒப்பந்தம் காலாவதியாகும் வாராந்திர எக்ஸ்பயரி நாளின் பிற்பகலில் ஓர் ஆப்ஷனின் விலை என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பத்து ரூபாய்க்கு இறங்கிய பிரீமியம் மாலைக்குள் பூஜ்யமாகலாம், ஐம்பதும் ஆகலாம். ஒரு லாட்டுக்கு ஆயிரம் ரூபாய்கூட வேண்டாம். மூளையின் அந்தப் பகுதியைக் கிளறுவதற்கென்றே திட்டமிட்டிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் செய்திருக்க முடியாது.

அடுத்தது கார்ட்டிசால், அழுத்தத்தின்போது அட்ரீனல் சுரப்பி விடும் ஹார்மோன். வால் ஸ்ட்ரீட்டில் வர்த்தகராக இருந்து பின்னர் கேம்பிரிட்ஜில் நரம்பியல் ஆய்வாளரான ஜான் கோட்ஸ், லண்டன் வர்த்தகத் தளம் ஒன்றில் 17 ஆண் வர்த்தகர்களின் உமிழ்நீரை எட்டு வேலைநாட்கள் சேகரித்து, ஜோ ஹெர்பர்ட்டுடன் சேர்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார். காலையில் டெஸ்டோஸ்டிரோன் கூடுதலாக இருந்த நாட்களில் வர்த்தகர்கள் கூடுதல் லாபம் பார்த்தார்கள். கார்ட்டிசாலோ சந்தை எவ்வளவு நிலையற்று ஆடியதோ அந்த அளவுக்கு ஏறியது. 2014இல் அவரது குழு தன்னார்வலர்களுக்கு மாத்திரை வழியே கார்ட்டிசாலை எட்டு நாட்கள் உயர்த்திவைத்தபோது, ஆபத்தை ஏற்கும் துணிச்சல் அவர்களிடம் கணிசமாகக் குறைந்தது. லாபம் வந்தால் உடல் துணிகிறது, சந்தை ஆடினால் உடல் ஒடுங்குகிறது. அதாவது ஏறி முடிந்தபின் வாங்கவும், விழுந்து முடிந்தபின் விற்கவும் தள்ளுகிறது. இந்த ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் ஆண்களை வைத்துச் செய்தவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்று தெளிவு: முடிவெடுக்கும் மனிதர் காலை ஒன்பதே காலுக்கு இருந்தவர் பிற்பகல் மூன்று மணிக்கு இருப்பதில்லை. நஷ்டத்துக்கு எல்லை கட்டக் காலையில் போட்ட ஸ்டாப்லாஸைப் பிற்பகலில் நீக்குபவர் கோழையோ முட்டாளோ இல்லை. அவர் ரத்தத்தில் ஓடும் கலவை மாறிவிட்டது.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் சிறப்பாகப் பொருந்தும் ஒரு செய்தி உறக்கம் பற்றியது. டியூக் பல்கலைக்கழக, சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், 29 பேரை ஓர் இரவு முழுக்க விழித்திருக்கவைத்துச் சூதாட்ட முடிவுகளை எடுக்கச் சொன்னார்கள். உறங்கி எழுந்த நாட்களில் இழப்பைக் குறைப்பதில் கவனமாக இருந்தவர்கள், உறங்காத நாளில் லாபத்தைத் துரத்தும் பக்கம் சாய்ந்தார்கள். மூளையில் பரிசுக்கு விழித்தெழும் பகுதி கூடுதலாக விழித்தது, இழப்புக்கு வலிக்கும் பகுதி மங்கியது. இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். நைட் ஷிப்ட் விட்டு பஸ் பிடித்து அறைக்கு வந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரமும் சந்தை திறக்கும் 9.15 மணியும் ஒன்றே. உறங்கவேண்டிய உடல், இழப்பின் வலி மரத்த மூளை, திறந்த சந்தை மூன்றும் ஒரே பாயில் சந்திக்கின்றன. பகல் ஷிப்ட்காரரின் சிக்கல் வேறு. கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டு லைனுக்குப் போகவேண்டிய ஆலையில் அவர் காலையில் எடுத்த நிலையைத் தேநீர் இடைவேளை வரை பார்க்க முடியாது. பார்க்கும்போது மூன்று மணி நேரத்து ஏற்றமும் இறக்கமும் ஒரே நொடியில் முகத்தில் அறையும். இடைவேளை முடிய ஏழு நிமிடம் இருக்கும். அந்த ஏழு நிமிடத்தில் எடுக்கும் முடிவுக்கு எந்தத் தியானம் உதவும்?

உணர்ச்சியே இல்லாவிட்டால் நல்லதுதானே என்று கேட்கலாம். 2005இல் நரம்பியல் ஆய்வாளர்களான டமாசியோ தம்பதியும் சக ஆய்வாளர்களும் ஒரு விளையாட்டை வைத்தார்கள். இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாலர் வைத்துக் காசு சுண்டலாம். வென்றால் இரண்டரை டாலர், தோற்றால் வைத்தது போச்சு. கணக்குப்படி எல்லாச் சுற்றிலும் ஆடுவதே லாபம். மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் பழுதுபட்டவர்கள், நலமாக இருந்தவர்களைவிட அதிகம் சம்பாதித்தார்கள். நலமானவர்கள் ஒரு தோல்விக்குப் பின் ஒதுங்கினார்கள். ‘உணர்ச்சியைக் கொல்’ என்பவர்களுக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. அவர்கள் சொல்லாமல் விடுவது, அந்த ஆட்டம் ஆடுபவருக்குச் சாதகமாக அமைக்கப்பட்டது என்பதை. தரகும் வரியும் பிடித்துக்கொள்ளும் ஆட்டத்தில் தோல்விக்குப் பின் ஒதுங்குவதே புத்திசாலித்தனம். இதே வகைப் பாதிப்பு உள்ள நோயாளிகள் அன்றாட வாழ்க்கையில் பண முடிவுகளைத் தவறாக எடுத்துத் திவாலானதையும் டமாசியோ பதிவுசெய்திருக்கிறார். கோட்ஸ் குழுவின் 2016 ஆய்வோ, வெற்றிகரமான வர்த்தகர்கள் தம் இதயத் துடிப்பை மற்றவர்களைவிடத் துல்லியமாக உணர்ந்ததாகக் காட்டுகிறது. உணர்ச்சி ஓர் எச்சரிக்கை மணி. மணியை நிறுத்தச் சொல்வது பாதுகாப்பு ஆகாது.

மன உறுதி உள்ளவரே ஆனாலும் எதிரே நிற்பது யார் என்ற கேள்வி இருக்கிறது. செபியின் அதே ஆய்வின்படி 2023-24இல் தனிநபர்கள் இழந்ததன் மறுபக்கத்தில் சொந்தக் கணக்கில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் ரூ.33,000 கோடியும், அந்நிய முதலீட்டாளர்கள் சுமார் ரூ.28,000 கோடியும் லாபம் பார்த்தார்கள், செலவுகளைக் கழிப்பதற்கு முன். அந்நிய முதலீட்டாளர் லாபத்தில் 97 சதவீதமும், நிறுவனங்களின் லாபத்தில் 96 சதவீதமும் கணினி நிரல்கள் வழியே வந்தவை. அந்த நிரல்களுக்குக் கார்ட்டிசால் சுரக்காது, நைட் ஷிப்டும் கிடையாது. பணம் இழப்பதற்கு உணர்ச்சி மட்டுமே காரணம் என்று நம்பவைப்பது, மீதிக் காரணங்களை மறைக்கும் திரை. முற்றும் துறந்த முனிவர் ஆப்ஷன் வாங்கினாலும் தரகுக் கட்டணம் பிடிக்கத்தான் பிடிப்பார்கள்.

இங்கேதான் இந்த வட்டாரத்தின் அனுபவம் பேச வேண்டும். தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் ஒரு காலத்தில் விரல்கள் போயின. ‘கவனமாக வேலை செய்’ என்ற பலகை அன்றும் தொங்கியது. விரல்களைக் காப்பாற்றியது பலகை இல்லை. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்ற அமைப்பு வந்தது; கை குறுக்கே போனால் இயந்திரம் நின்றுவிடும் ஒளித்திரை வந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு போடவேண்டிய கடமையை ஆலையின் மேல் வைத்தது. எட்டாவது மணி நேரத்தில் மனிதக் கவனம் சிதறும் என்பதை ஒப்புக்கொண்டு, அப்படிச் சிதறினாலும் கை போகக் கூடாது என்று வடிவமைப்பதுதான் இதன் சாரம். ஜப்பானிலிருந்து இங்குள்ள கார் ஆலைகளுக்கு வந்த ‘போகா யோகே’ முறையும் இதையே செய்கிறது. பாகத்தைத் தப்பாகப் பொருத்த நினைத்தாலும் பொருந்தாது. இந்த முறையில் எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வெளியே வரும் தொழிலாளியின் கையில், ஒரே விரல் தொடுதலில் ஒரு மாதச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளும் செயலியைக் கொடுத்து, ‘மனதைக் கட்டுப்படுத்திக்கொள்’ என்கிறோம்.

எச்சரிக்கைப் பலகை சந்தையிலும் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. பத்தில் ஒன்பது பேர் நஷ்டமடைகிறார்கள் என்ற வாசகத்தை வாடிக்கையாளர் உள்நுழையும்போதெல்லாம் காட்டவேண்டும் என்று தரகு நிறுவனங்களுக்குச் செபி 2023 மே மாதம் உத்தரவிட்டது. ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் 2021-22இல் சுமார் 51 லட்சமாக இருந்த, முன்பேர வர்த்தகம் செய்யும் தனிநபர்களின் எண்ணிக்கை 2023-24இல் சுமார் 96 லட்சமானது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இழந்தவர்களிலும் நான்கில் மூன்று பேருக்கு மேல் மறுபடியும் வந்தார்கள், விட்டதைப் பிடிக்க. 2024 நவம்பரிலிருந்து செபி வேறு வழியைப் பிடித்தது. ஒவ்வொரு சந்தைக்கும் ஒரே ஒரு குறியீட்டுக்கு மட்டும் வாராந்திர எக்ஸ்பயரி, ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பு ரூ.15 லட்சம் என்று அமைப்பையே மாற்றியது. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரையிலான ஆறு மாதங்களில் தனிநபர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 சதவீதம் குறைந்தது. நோய் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2024-25இல் தனிநபர்களின் நிகர இழப்பு ரூ.1.05 லட்சம் கோடியாக உயர்ந்தது. இழந்தவர்கள் 91 சதவீதம். ஆனாலும் பலகை செய்யாததைத் தடுப்பு கொஞ்சமாவது செய்திருக்கிறது.

வயது வந்தவர் தன் பணத்தை என்ன செய்தால் அரசுக்கென்ன என்ற ஆட்சேபம் எப்போதும் எழும். தமிழ்நாடு இந்தக் கேள்வியை இணைய ரம்மியில் ஏற்கெனவே எதிர்கொண்டது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடத் தடை, ஆதார் சரிபார்ப்பு, செலவு வரம்பு, இடையிடையே எச்சரிக்கை என்று மாநில இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் விதிகள் கொண்டுவந்தது. கம்பெனிகள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடைசெய்துவிட்டது. முன்பேர வர்த்தகத்தைத் தடைசெய்யவேண்டும் என்பது என் கருத்தன்று. விலை அபாயத்தைக் குறைக்க அதை உண்மையாகவே பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் இரவில் ரம்மி ஆடுபவரின் மூளைக்குத் தேவைப்பட்ட இடைவெளி, தூங்காமல் ஆப்ஷன் வாங்குபவரின் மூளைக்குத் தேவைப்படாதா?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்த மதிப்பை உயர்த்துவது ஏழைக்குக் கதவைச் சாத்திப் பணக்காரருக்குத் திறந்துவைப்பது ஆகாதா? ஆகும். அதனால்தான் பண அளவை வைத்துக் கட்டும் சுவரைவிட நேரத்தை வைத்துப் போடும் தடையே மேல் என்பேன். அது கோடீஸ்வரரையும் பயிற்சித் தொழிலாளியையும் ஒன்றாகவே நிறுத்தும். பங்கு வாங்கவோ மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடவோ அது யாரையும் தடுக்காது. தொழில்முறை வர்த்தகர்களும் தம் நிறுவனங்கள் போடும் தடைகளுக்குள்தான் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சிங்கப்பூரில் பேரிங்ஸ் வங்கியின் வர்த்தகர் நிக் லீசன் காட்டினார். வர்த்தகமும் அதன் கணக்கு முடிப்பும் அவர் ஒருவரிடமே இருந்தன. 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் சந்தையைத் தள்ளியபோது விட்டதைப் பிடிக்க இன்னும் இன்னும் வாங்கினார். 82 கோடி பவுண்டுக்கு மேல் இழந்து, 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி மூழ்கியது. லண்டன் வங்கியாளர்கள் தங்கள் ஆளின் மன உறுதியை நம்பியதன் விலை அது.

ஆகவே செய்யவேண்டியவை மலைப்பானவை அல்ல. சில தரகுச் செயலிகளில் ‘கில் ஸ்விட்ச்’ ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போட்டால் குறிப்பிட்ட பிரிவில் பல மணி நேரம் வர்த்தகம் செய்ய முடியாது. இன்று வாடிக்கையாளர் தேடிப்பிடித்துப் போடவேண்டிய இதைக் கணக்கு திறக்கும்போதே போட்டுவைக்கவேண்டும். வேண்டாம் என்பவர் முந்தைய நாளே எழுதிக்கொடுத்து எடுக்கட்டும். அன்றைய இழப்பு, தாமே குறித்த வரம்பைத் தொட்டால் மறுநாள் வரை புதிய ஆப்ஷன் நிலை எடுக்க முடியாதபடி செபி விதி கொண்டுவரட்டும். இருக்கும் நிலையை முடித்து வெளியேறும் கதவு மட்டும் திறந்தே இருக்கவேண்டும். வரம்பை உயர்த்தும் கோரிக்கைக்கு ஒரு வாரம் காத்திருப்பு வேண்டும். குறைப்பது உடனே நடக்கவேண்டும். தரகு நிறுவனங்கள் வருமானம் போகுமென்று முணுமுணுக்கும். மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் கட்டிய சுமார் ரூ.50,000 கோடிப் பரிவர்த்தனைச் செலவில் பாதி தரகாகவே போயிருக்கிறது என்பதால் அந்த முணுமுணுப்புக்குக் காரணம் புரிகிறது. ஆனால் தடுப்பு போட்டால் உற்பத்தி குறையும் என்று ஆலை முதலாளிகளும் ஒரு காலத்தில் சொன்னார்கள்.

விதி வரும்வரை தொழிலாளர்கள் செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. சம்பளக் கணக்கை வர்த்தகக் கணக்கோடு இணைக்காதீர்கள். ஆப்ஷன் பிரிவை வேண்டாம் என்று அணைத்துவையுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் செயலியையே கைபேசியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆலைகள் மார்ச் 4 அன்று தேசியப் பாதுகாப்பு நாளில் உறுதிமொழி வாசிக்கின்றன, போஸ்டர் ஒட்டுகின்றன. அந்த நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கும் ஒதுக்கும்படி தொழிற்சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பேச வருபவர் பங்கு வர்த்தகம் கற்றுத்தருபவராக இல்லாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.